மைக்கேல் பாலின்ட்

மைக்கேல் பாலின்ட் (டிசம்பர் 3, 1896 – டிசம்பர் 31, 1970) அங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளரும் ஆவார். சோதனைகளில் குறை எதுவும் தென்படாதபோதும் வலி, களைப்பு முதலிய தொல்லைகளுடன் மீண்டும் மீண்டும் வரும் நோயாளியிடம் மருத்துவர் என்ன சொல்வது என்னும் வினாவை விரிவாக ஆராய்ந்தவர்.

வாழ்க்கை

புடாபெஸ்ட் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை பொது மருத்துவர். பெர்க்ஸ்மன் என்னும் குடும்பப் பெயரைத் தந்தையின் விருப்பத்திற்கு மாறாகப் பாலின்ட் என மாற்றிக்கொண்டார். மருத்துவப் படிப்பை முடித்தபின் பெர்லினில் ஓட்டோ வார்பர்க்கின் ஆய்வுகூடத்தில் பணியாற்றினார்; உளப்பகுப்பாய்வுப் பயிற்சியையும் அங்கேயே தொடங்கினார். 1924இல் புடாபெஸ்ட் திரும்பி சான்டோர் ஃபெரென்சியிடம் பயிற்சியைத் தொடர்ந்தார்.

1930களில் பொது மருத்துவர்களுக்கென அங்கு இவர் நடத்திய கூட்டங்களில் சாதாரண உடையில் காவலர்கள் அமர்ந்து குறிப்பெடுத்தனர். நோயாளிகளைப் பற்றி மனந்திறந்து பேச வேண்டிய இடத்தில் அது இயலாமற்போனதால் முயற்சி நின்றது. 1939இல் மான்செஸ்டருக்குக் குடிபெயர்ந்தார். அவ்வாண்டே மனைவி அலிஸ் காலமானார். 1945இல் லண்டன் சென்றார்.

மருத்துவர் குழுக்கள்

கைவிட்ட முயற்சியை 1950இல் லண்டன் தாவிஸ்டாக் மருத்துவ நிலையத்தில் பாலின்ட் மீண்டும் தொடங்கினார். 1953இல் இவரை மணந்த எனிட், சமூகப் பணியாளர்களுடன் நடத்திவந்த கலந்துரையாடல் முறை இதற்குத் துணையாயிற்று. மருத்துவர்கள் வாரந்தோறும் கூடி, தம்மைக் குழப்பிய நோயாளி ஒருவரைப் பற்றிக் குறிப்பேடு பாராமல் நினைவிலிருந்து கூறுவர். மறந்து விடுபட்டதும், சொல்லும்போது எழுந்த எரிச்சலும்கூட ஆய்வுக்கு உரியவையாயின.

இவ்வனுபவங்களை "மருத்துவர், அவருடைய நோயாளி, நோய்" என்னும் நூலாக 1957இல் வெளியிட்டார். நோயாளி தம் தொல்லைகளை ஒவ்வொன்றாக மருத்துவர் முன் வைக்கிறார். மருத்துவர் எதை ஏற்கிறார், எதைத் தள்ளுகிறார் என்பதைப் பொறுத்தே நோய் ஒரு வடிவம் பெறுகிறது என்பது இவர் கருத்து. எனவே, உடலில் ஒன்றுமில்லை என்று கூறி அனுப்புவது ஆறுதலாவதில்லை. வலி அப்படியே இருக்க, அதற்கு ஒரு பெயரும் கிடைக்காத நோயாளி, தம்மை நம்பவில்லை என்றே எண்ணுகிறார். புதியதொரு தொல்லையுடன் திரும்பி வருகிறார், அல்லது வேறு மருத்துவரை நாடுகிறார். வல்லுநர் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் அனுப்பப்படுகையில், முடிவுக்குப் பொறுப்பேற்பவர் எவருமில்லாத நிலை உண்டாவதையும் இவர் எடுத்துக்காட்டினார்.

மருத்துவரும் ஒரு மருந்தே என்பது இவருடைய மற்றொரு கருத்து. அம்மருந்தின் அளவும் பக்கவிளைவும் எந்தப் பாடநூலிலும் இல்லை என்பதே இவருடைய குறை. அவசரமான அறிவுரையும் அதன் பக்கவிளைவுகளுள் ஒன்று எனலாம்.

1970இல் பிறருடன் சேர்ந்து வெளியிட்ட நூலில், நீண்டகாலம் ஒரே மருந்துச்சீட்டைத் திரும்பத் திரும்பப் பெறுவோரை ஆராய்ந்தார். பல வேளைகளில் அச்சீட்டு நோயைத் தீர்ப்பதற்கன்று, மருத்துவரும் நோயாளியும் செய்துகொண்ட சமரசத்திற்கே உதவியது என இந்நூல் காட்டியது.

மதிப்பீடு

உடல் தொல்லைகளுக்குப் பின்னால் மறைந்த உளக்காரணத்தைத் தேடும் இவருடைய நாட்டம் பின்னர் குறைகூறப்பட்டது, அது நியாயமே. காயம் ஆறிய பின்னும் நரம்பு மண்டலம் கூருணர்வுடன் நீடித்து வலியை உண்டாக்கக்கூடும் என்னும் விளக்கம் இவர் காலத்தில் மருத்துவர் கைக்கு எட்டியிருக்கவில்லை. ஆயினும், விளக்குமுன் கேட்க வேண்டும் என்னும் இவருடைய முறை நிலைத்தது.

பிரித்தானிய உளப்பகுப்பாய்வுக் கழகத்தின் தலைவராக 1968இல் பொறுப்பேற்றார். 1969இல் இவர் பெயரால் பிரித்தானியாவில் பாலின்ட் கழகம் நிறுவப்பட்டது. பன்னாட்டுக் கூட்டமைப்பு 1975இல் உருவாயிற்று.