சாலைகளுக்கு உயிர் தந்த சான்றோர்

டி.வி.எஸ். என்னும் மூன்று எழுத்துகளைச் சாலையில் காணாத தமிழர் இலர். அவ்வெழுத்துகளுக்கு உரியவர் திருக்குறுங்குடி வெங்கராம் சுந்தரம் ஐயங்கார் ஆவார்.

அவர் 1877ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள், நெல்லைச் சீமையைச் சேர்ந்த திருக்குறுங்குடியில் பிறந்தார். தந்தையின் விருப்பப்படி வக்கீலானார். பின்னர் இரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றினார். ஆயினும் அவர் உள்ளம் மோட்டார் வண்டியையே நாடியது. 1912இல் மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கினார். எங்கள் காரைக்கால் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இங்கும் சரி, மதுரையிலும் சரி, நெல்மூட்டைகளைச் சுமந்தவை மாட்டு வண்டிகளே.

அக்காலத்தில் எஞ்சினும் சக்கரமும் பூட்டிய சேசிஸ் மட்டும் கப்பலில் வந்து இறங்கும். நம் தச்சர்கள் அதன்மேல் மரத்தால் பாடி கட்டுவார்கள். இருக்கை அமைத்தால் பஸ். தட்டு அமைத்தால் லாரி! அமெரிக்காவிலும் 1925இல் ஃபோர்டு கம்பெனி தன் சிறிய காரின் பின்னே திறந்த பெட்டி பொருத்தி, பிக்கப் வண்டியாக விற்றது. உழவர்களுக்கு அது பெரிதும் பயன்பட்டது.

ஊருக்கும் தேவைக்கும் ஏற்றபடி வண்டி அமைய வேண்டும் என்பதைச் சுந்தரம் ஐயங்காரும் அறிந்திருந்தார். மாட்டு லாடங்களிலிருந்து உதிர்ந்த ஆணிகள் டயர்களைப் பதம் பார்த்தன. அவர் காந்தம் பொருத்திய வண்டியை ஓட்டி அவற்றை அகற்றச் செய்தார். நேரம் தவறாத அவருடைய பஸ்ஸைப் பார்த்து மக்கள் கடிகாரத்தைச் சரிசெய்து கொண்டார்களாம்!

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. அப்போது அவர் நிறுவனம் கேஸ் பிளாண்ட் ஒன்றை உருவாக்கியது. மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, உண்டாகும் வாயுவை வடிகட்டி எஞ்சினுக்குள் செலுத்துவதே அதன் முறை. புறப்படுவதற்கு வெகு நேரம் முன்பே கரி மூட்ட வேண்டும், வேகமும் குறைவுதான். ஆனாலும் பஸ்கள் ஓடின.

மாணவியராகிய எங்களுக்கு மற்றொரு செய்தி மேலும் பெரிதாகத் தோன்றுகிறது. அவருடைய மகள் சௌந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தார். கைம்பெண்ணுக்கு வீட்டு மூலையே கதி என்றிருந்த காலம் அது. பெற்றோரோ அவரை டில்லிக்கு அனுப்பி மருத்துவம் படிக்க வைத்தனர். 1940இல் மகள் செய்துகொண்ட மறுமணத்தை அவர்கள் முதலில் விரும்பவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் அவர்கள் தந்த கல்வி வீண்போகவில்லை. 1947இல் டாக்டர் சௌந்தரம் தம் கணவர் ஜி. இராமச்சந்திரனோடு திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவி, ஏழை எளியோருக்குத் தொண்டாற்றினார்.

சுந்தரம் ஐயங்கார் 1955 ஏப்ரல் 28இல் மறைந்தார். வழியில் ஆணி கிடந்தாலும், பெட்ரோல் தீர்ந்தாலும், பயணத்தை நிறுத்தாதவர் அவர். இறைவன் அளித்த தாலந்துகளைப் புதைத்து வைக்காமல், நாங்களும் அவ்வாறே முன்னேறுவோமாக!