படியாத தாயின் பிள்ளை



பிள்ளையின் மார்க்குச் சீட்டு வீட்டுக்கு வந்ததும், அவனுக்கு மூளை இல்லை என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அதற்குமுன் அர்ச். தொன் போஸ்கோவின் சிறு பிராயத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

அவர் 1815-ம் ஆண்டு இத்தாலியில், கஸ்தெல்நுவோ ஊரை அடுத்த பெக்கி என்னும் குக்கிராமத்தில் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தகப்பனை இழந்தார். தாயார் மார்கரீத் அம்மாளுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. மூத்த தாரத்து மகன் அந்தோணி, தம்பி புத்தகத்தைத் தொட்டாலே சண்டைக்கு வருவான். உழுகிறவனுக்குப் படிப்பு எதற்கு என்பது அவன் எண்ணம். வீட்டில் சமாதானம் இல்லாததால், பன்னிரண்டு வயதுப் பாலனைத் தாய் வேறு வழியின்றி அயலார் பண்ணை வேலைக்கு அனுப்பினாள். ஆயினும் மகனைப் படிக்கவைக்கும் ஆசையை அவள் விடவில்லை.

பிறகு கஸ்தெல்நுவோ பள்ளியில் சேர்ந்தான். முதல் ஆசிரியர் அன்பாய் நடத்தினார். பையன் நன்றாய் முன்னேறினான். அவர் மாறிப்போனதும் வந்தவருக்கு வகுப்பை அடக்கத் தெரியவில்லை. எந்நேரமும் கூச்சல், போதாததற்கு, பெக்கியிலிருந்து வந்த பையன் என்ற ஏளனம் வேறு. கற்றதையும் மறக்கும் நிலைக்கு வந்தான்.

1831-ல் கியேரி நகருக்குப் போனான். பதினாறு வயதில், சிறு பிள்ளைகளோடு கீழ் வகுப்பில் உட்கார வேண்டியதாயிற்று. ஆனால் அங்கே ஆசிரியர் அவன்மேல் இரங்கி உதவினார். ஒரே வருஷத்தில் மூன்று வகுப்புகளைத் தாண்டினான்! பையன் அதே பையன்தான். புத்தியும் அதே புத்திதான். மாறியது வகுப்பறையே.

1841-ல் குருப்பட்டம் பெற்ற தொன் போஸ்கோ, தூரின் நகரத் தெருக்களில் அலைந்த ஏழைப் பையன்களைச் சேர்த்துக்கொண்டார். 1846-ல் மார்கரீத் அம்மாளும் வந்து, தன் கலியாண நகையையும் விற்று, 1856-ல் இறக்கும்வரை அவர்களுக்குத் தாயானாள். தண்டிப்பதைவிடத் தவறு நேராமல் காப்பதே மேல் என்று அவர் போதித்தார். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவதை அவர்கள் உணரவேண்டும் என்றார். 1888-ல் மரித்த அவருக்கு 1934-ல் அர்ச்சியசிஷ்ட பட்டம் அளிக்கப்பட்டது. அவருடைய சலேசிய சபைக் குருக்கள் 1906-ல் நம் தஞ்சாவூருக்கும் வந்தார்கள்.

பெற்றோர்களே, நாங்கள் படிக்காதவர்கள், எங்களால் என்ன ஆகும் என்று சொல்லாதீர்கள். பாடம் சொல்லிக்கொடுக்க உங்களால் முடியாமல் இருக்கலாம். அவன் படிக்கும் நேரத்தில் வீட்டில் சண்டையில்லாமல் காக்க முடியும். பள்ளிக்குப் போய், ஆசிரியரைக் கண்டு, வகுப்பில் அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்க முடியும். பதின்மூன்று வயதில் கடை வேலைக்கு அனுப்பும் யோசனை இருந்தால், அதைக் கைவிட முடியும். ஆசிரியர்களாயிருப்பவர்களே, கடைசிப் பெஞ்சில் இருக்கும் பையனை இந்த வாரம் ஒருமுறை பெயர் சொல்லி அன்பாய் அழையுங்கள்.

மார்கரீத் அம்மாள் செய்தது இவ்வளவுதான். மற்றதைச் சர்வேசுரன் பார்த்துக்கொண்டார்.