அண்ணல் இறங்கிய சுரங்கம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

ஒரு கையில் புத்தகத்தை அணைத்து, மறு கையின் சுட்டுவிரலை நீட்டி நிற்கும் சிலையாகவே டாக்டர் அம்பேத்கரை நம்மில் பெரும்பாலோர் அறிவோம். அரசியல் சட்டத்தை வகுத்தவர், தீண்டாமையை எதிர்த்துப் போராடியவர் என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆனால் 4 ஆண்டுகள் இந்தியாவின் தொழிலாளர் துறை அவர் பொறுப்பில் இருந்தது என்னும் செய்தியை நான் கல்லூரி நூலகத்திற்கு வந்த பின்னரே அறிந்தேன். அந்த 4 ஆண்டுகளைப் பற்றியே மிகுதியும் எழுத விரும்புகிறேன். மத்திகிரியிலும் ஓசூரிலும் விடியற்காலையில் கம்பெனிப் பேருந்துக்காகக் காத்து நிற்பவர்களில் என் வயதை ஒத்தவர்கள் ஏராளம். அவர்களோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் அமர்ந்தவன் நான். அதனால்தான் அண்ணலின் வாழ்க்கையில் இந்தப் பகுதி என்னை மற்றவற்றைவிடக் கூடுதலாக இழுத்தது.

1891 ஏப்ரல் 14இல் மோவ் என்னும் இராணுவ முகாம் நகரில் அவர் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதார். தாய் பீமாபாய். பதினான்காவது பிள்ளையான பீமராவ் சிறு வயதிலேயே தாயை இழந்தார். சாத்தாராவில் பள்ளியில் தனியே உட்கார வைக்கப்பட்டதும், தாகத்திற்குத் தண்ணீர் மறுக்கப்பட்டதும் யாவரும் அறிந்தவை. 1907இல் மெட்ரிக்குலேஷன் தேறினார், 1912இல் பி.ஏ. பட்டம் பெற்றார், பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார், பின்னர் இலண்டனில் பயின்று பாரிஸ்டரானார். இவற்றை விரித்து எழுதிய நூல்கள் பல உள்ளன. நான் விரைந்து பம்பாயின் பரேல் பகுதிக்குச் செல்கிறேன்.

பரேல் பஞ்சாலைகளின் பேட்டை. அண்ணலின் குடும்பம் அங்கே ஒற்றை அறைக் குடியிருப்பில்தான் முதலில் வாழ்ந்தது. பின்னர் நகர அபிவிருத்தி டிரஸ்ட் தொழிலாளருக்காகக் கட்டிய குடியிருப்பில் இரண்டு அறைகள் கிடைத்தன. இலண்டனில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய பிறகும் 1930களின் தொடக்கம் வரை அவர் அந்த வீட்டிலேதான் இருந்தார். சங்கு ஊதியதும் ஆலைக்கு ஓடுவோரும், முறை முடிந்து தலை முழுதும் பஞ்சு படியத் திரும்புவோருமே அவருடைய அண்டை அயலார். தொழிலாளரைப் புத்தகத்தில் கண்டவர் அல்லர் அவர். சுவருக்கு அப்பால் அவர்கள் இருமுவதைக் கேட்டவர்.

அந்த ஆலைகளில் ஒரு விந்தையான வழக்கம் இருந்தது. தறியில் ஓடும் நாடாவுக்குள் தார் தீர்ந்துவிட்டால் நெசவாளி புதிய தாரைப் பொருத்துவார். பின்பு நாடாவின் பக்கத்தில் உள்ள சிறு துளையில் வாயை வைத்து உறிஞ்சுவார். நூலின் நுனி வெளியே வரும். ஒருவர் வாய் வைத்த நாடாவிலேயே அடுத்த முறைக்காரரும் வாய் வைக்க வேண்டும். இந்தக் காரணத்தைக் காட்டித் தாழ்த்தப்பட்டோரை நெசவுப் பிரிவில் சேர்க்காமல் ஒதுக்கினர். நெசவில்தான் கூலி அதிகம். அவர்களுக்கு நூற்புப் பிரிவின் குறைந்த கூலி வேலைகளே மிஞ்சின. 1928இல் பம்பாய்ப் பஞ்சாலைகளில் மாபெரும் வேலைநிறுத்தம் பல மாதங்கள் நீடித்தபோது, நெசவுப் பிரிவைத் தாழ்த்தப்பட்டோருக்கும் திறந்துவிட வேண்டும் என்பதையும் கோரிக்கைகளுள் ஒன்றாகச் சேர்க்குமாறு அம்பேத்கர் சங்கத் தலைவர்களை வற்புறுத்தினார். அவர்கள் தயக்கத்துடனே இசைந்தனர்.

அறிவியல் மாணவனாகிய எனக்கு இவ்விடத்தில் ஒன்று தோன்றுகிறது. வாயால் உறிஞ்சும் அந்த முறையே உடலுக்குக் கேடானது. பஞ்சுத் தூசி உள்ளே போகும். ஒருவர் எச்சில் மற்றவர்க்கு ஒட்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911லேயே அவ்வகை நாடாவைச் சட்டத்தால் தடுத்துவிட்டது. இங்கே நாடாவை மாற்றியிருந்தால் நோய்க்கும் வழியில்லை, சாதி பேசியவர்களுக்குச் சாக்கும் இல்லை. கருவியை மாற்றுவது எளிதாயிருந்தும் மனிதனை ஒதுக்குவதையே தேர்ந்தெடுத்தார்கள்.

1936இல் அண்ணல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியை நிறுவினார். 1938இல் வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்தும் மசோதா பம்பாய்ச் சட்டசபைக்கு வந்தபோது எதிர்த்துப் பேசியதோடு, நவம்பர் 7இல் ஒரு நாள் வேலைநிறுத்தத்திலும் முன்னின்றார். இந்தப் பின்னணியோடுதான் 1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக அமர்ந்தார். அடுத்த மாதமே டெல்லியில் அரசு, முதலாளிகள், தொழிலாளர் என்னும் மூன்று தரப்பும் ஒரே மேசையில் கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. இரயிலுக்கும் ஆலைக்கும் நிலக்கரி வேண்டும். கரி வெட்ட ஆள் போதவில்லை. 1943 டிசம்பரில் அண்ணல் தன்பாத் நிலக்கரி வயலுக்குச் சென்றார். அலுவலகத்தில் அமர்ந்து அறிக்கை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. நிலத்துக்குள் இறங்கி, கரி வெட்டும் முகப்பு வரை சென்று, தொழிலாளர் வேலை செய்வதை நேரில் கண்டார். மேலே வந்து அவர்களுடைய குடியிருப்புகளையும் பார்த்தார். தூய குடிநீர் உண்டா, மருத்துவமனை உண்டா, பிள்ளைகளுக்குப் பள்ளி உண்டா என்பவை அவருடைய கவலையாயின. சுரங்கத்தில் கூரை சரியும். விஷ வாயு சேரும். வாயு தீப்பற்றினால் ஒரு கணத்தில் எல்லாம் முடிந்துவிடும். நமக்கு அண்மையில் உள்ள கோலார் தங்கவயல் 2001இல் மூடப்படும் வரை அங்கே தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் தமிழர் ஏராளம்; பாறை வெடிப்பும் நுரையீரலில் கல்தூசி படியும் நோயும் அங்கே கொண்ட உயிர்கள் பல. ஆகவே சுரங்கம் என்ற சொல் நம் பக்கத்து மக்களுக்குப் புதிதன்று.

தன்பாத் பயணத்துக்கு அடுத்த மாதமே, 1944 தொடக்கத்தில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி ஏற்பட்டது. அனுப்பப்படும் நிலக்கரிக்குத் தீர்வை விதித்து, அதைக் கொண்டு தொழிலாளருக்கு மருத்துவம், வீடு, குடிநீர் ஆகியவற்றை அமைக்கும் ஏற்பாடு அது. 1946இல் அப்பிரகச் சுரங்கத் தொழிலாளருக்கும் அதே போன்ற நிதிச் சட்டம் வந்தது. அப்பிரகத்தை ஏடு ஏடாக உரிக்கும் வேலையில் சிறுவர்களின் மெல்லிய விரல்களைத்தான் அக்காலத்தில் விரும்பிப் பயன்படுத்தினார்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நிலத்தடியில் பெண்கள் வேலை செய்வதற்கு 1937இல் தடை வந்திருந்தது. 1943இல், போர்க்காலக் கரித் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, அத்தடையை அரசு விலக்கியது. அப்போது துறை அம்பேத்கர் கையில்தான் இருந்தது. கண்டனங்கள் எழுந்தன, அவரே சட்டசபையில் எழுந்து விடை சொல்ல நேர்ந்தது. தற்காலிகமான ஏற்பாடு என்றும், ஆண்களுக்குரிய கூலியே பெண்களுக்கும் என்றும் அரசு கூறியது. 1946 பிப்ரவரியில் தடை மீண்டும் வந்தது. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் நீண்ட காலமே. பெரியோரைப் பற்றி எழுதும்போது இத்தகைய இடங்களைத் தாண்டிப் போய்விடுவது நம் மலர்களில் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுரங்கத்தில் இறங்கி இருளைக் கண்டவருக்கே அந்த முடிவுக்குப் பொறுப்பேற்க நேர்ந்தது என்றால், பதவி என்பது எவ்வளவு நெருக்கடியானது என்பது விளங்கும்.

போர்க்காலத்தில் இளைஞர்களைப் பிட்டராகவும் டர்னராகவும் வெல்டராகவும் ஆக்கும் பயிற்சித் திட்டம் ஒன்றும் அவர் துறையில் நடந்தது. போர் முடியும் தறுவாயில், 1945இல், வேலைவாய்ப்பையும் பயிற்சியையும் கவனிக்கும் தலைமை இயக்ககம் தோன்றியது. நாம் பெயரைப் பதிவு செய்யும் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கும், 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் ஐ.டி.ஐ.களுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. அதே 1945இல் தொழிற்சாலைத் தலைமை ஆலோசகர் அலுவலகமும் ஏற்பட்டது. தொழிற்சாலைகளில் விபத்தைத் தடுப்பது எவ்வாறு என்று அரசுக்கும் ஆய்வாளருக்கும் எடுத்துரைப்பது அதன் பணி. சென்னைத் தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் அந்த மரத்தின் கிளையே. 1946இல் ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. அந்தத் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தவர் அம்பேத்கர். களைத்த கண்ணுக்கு இயந்திரத்தின் ஓட்டம் தெரியாது. ஆகவே வேலை நேரக் குறைப்பை விபத்துத் தடுப்பு என்றே நான் கொள்கிறேன்.

1946 நடுவில் அவர் அப்பதவியிலிருந்து விலகினார். 1948இல் தொழிற்சாலைச் சட்டம் நிறைவேறியபோது அவர் சட்ட அமைச்சர். தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன் ராம். அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவைப் படித்தபோது நான் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஆபத்தான இயந்திரம் எதிலும் 18 வயது நிரம்பாதவரை நிறுத்துவதற்கு முன், அதனால் நேரக்கூடிய ஆபத்துகளையும் எடுக்க வேண்டிய எச்சரிக்கைகளையும் அவருக்கு முழுமையாகக் கற்பித்திருக்க வேண்டும். போதிய பயிற்சி பெற்றவராகவோ, நன்கு தெரிந்தவரின் மேற்பார்வையில் உள்ளவராகவோ அவர் இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஓடும் இயந்திரத்தைத் துடைக்கவோ எண்ணெய் விடவோ இளையவரை விடக்கூடாது என்பது அதற்கு முந்திய பிரிவு.

என் பெரியப்பா மகன் 16 வயதில் ஒரு சிறு பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ்ஸில் நின்றான். இரண்டு பொத்தான்களையும் இரு கைகளால் ஒருசேர அழுத்தினால்தான் அச்சு இறங்கும் என்பது அந்த இயந்திரத்தின் அமைப்பு. கை இரண்டும் வெளியே இருந்தால்தானே உள்ளே அகப்படாது! ஆனால் உருப்படி எண்ணிக்கை கூட வேண்டும் என்று ஒரு பொத்தானைக் குச்சி செருகி அழுத்தியே வைத்திருந்தார்கள். அந்த இரண்டாவது பொத்தான் எதற்காக இருக்கிறது என்று அவனுக்கு எவரும் சொல்லித் தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம் வலக்கையில் இரண்டு விரல் நுனிகள் போயின. இன்றும் அவன் இடக்கையால்தான் சோறு பிசைகிறான்.

கவனமாக இருந்தால் தப்பலாம் என்று பலர் சொல்லக் கேட்கிறேன். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 600 சுற்று ஓடும் கடைசல் இயந்திரம் நொடிக்கு 10 முறை சுழல்கிறது. கண்ணால் கண்டு கையை இழுக்க நமக்கு ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். அதற்குள் இயந்திரம் இரண்டு முறை சுற்றி முடித்துவிடும். சட்டைக் கையோ கையுறையோ சிக்கிவிட்டால், அதற்குப் பின் வரும் கவனத்தால் பயனில்லை. கடைசலில் கையுறை அணியக் கூடாது, தளர்ந்த சட்டை கூடாது, சுருள் துருவலைக் கையால் பிடித்து இழுக்கக் கூடாது என்பவற்றை முதல் நாளே சொல்லித் தருவதற்கு அரை மணி நேரம் போதும்.

அரசியல் சட்டத்துக்கு வருவோம். அண்ணல் வரைவுக் குழுவின் தலைவராக இருந்து உருவாக்கிய சட்டத்தின் 24ஆம் உறுப்பு, 14 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தையையும் தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ வேறு ஆபத்தான வேலையிலோ அமர்த்தக் கூடாது என்கிறது. அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக அது அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. 14க்கும் 18க்கும் இடைப்பட்டவர்களை ஆபத்தான தொழில்களில் சேர்ப்பதற்குத் தடை வர 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் விசை கொண்டு இயங்கும் இடமானால் 10 பேரேனும் வேலை செய்தால்தான் அதனைத் தொழிற்சாலையாகக் கொண்டது. 2025 நவம்பர் 21இல் அதன் இடத்துக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 20 ஆக உயர்த்தியிருக்கிறது. பெரியப்பா மகன் வேலை செய்த பட்டறையில் மொத்தம் 7 பேர்.

ஆண்டுதோறும் மார்ச் 4இல் ஓசூர்ப் பகுதிப் பெரிய ஆலைகளில் பாதுகாப்பு நாள் கொண்டாடுகிறார்கள். பச்சைக் கொடி ஏற்றி உறுதிமொழி எடுக்கிறார்கள். நல்லதே. மத்திகிரிச் சந்துகளில் உள்ள பட்டறைகளுக்கு அந்தக் கொடி இன்னும் வந்து சேரவில்லை. பள்ளியில் 10ஆம் வகுப்பு முடிந்த விடுமுறையிலேயே வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு, அந்தப் பள்ளியிலேயே ஒரு நாள் இதைக் கற்பித்தால் என்ன என்று நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட நண்பர்களிடம் கேட்டிருக்கிறேன். வரும் முகாமில் ஒரு பழைய பிரஸ்ஸின் படத்தையும் இரண்டு பொத்தான்களையும் அட்டையில் செய்து காட்ட இருக்கிறோம்.

அமைச்சர் பதவியிலிருந்து அண்ணல் 1951இல் விலகினார். நீரிழிவு நோய் அவர் உடலை வாட்டியது. 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பௌத்தம் தழுவிய அவர், அதே ஆண்டு டிசம்பர் 6இல் டெல்லி இல்லத்தில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். உடலை விமானத்தில் பம்பாய்க்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் தாதர் கடற்கரையில் எரியூட்டியபோது திரண்டிருந்த இலட்சக்கணக்கான மக்களில், தலையில் பஞ்சு படிய ஆலைக்குப் போய் வந்த பரேல் தொழிலாளர்களும் நின்றிருந்தார்கள்.