காணாக்கடியும் பால் எர்லிக்கும்

திடீரென உடலெங்கும் தடித்து அரித்தால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ பூச்சி கடித்ததென்று எண்ணிக் காணாக்கடி என்கிறோம். அந்தத் தடிப்புக்குக் காரணமான உயிரணுவை நமக்குக் காட்டித் தந்தவர் பால் எர்லிக்.

அன்றைய பிரஷ்யாவின் ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில், 1854 மார்ச் 14 அன்று யூதக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். மருத்துவம் பயிலும்போதே சாயங்களின்மீது அவருக்குத் தணியாத ஆர்வம். உடலின் மெல்லிய திசுக்களில் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார். 1878-இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டில், துகள்கள் நிறைந்த ஒருவகை உயிரணுக்களை விவரித்தார். அவை உண்டு கொழுத்தவை என்றெண்ணி, அப்பொருள்பட 'மாஸ்ட்' அணுக்கள் எனப் பெயரிட்டார்.

1908-இல் நோபல் பரிசு பெற்ற அம்மேதை, 1915 ஆகஸ்ட் 20 அன்று மறைந்தார். அத்துகள்களில் இருப்பது உணவன்று, ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள் என்பது 1953-இல்தான் தெரிந்தது. ஒவ்வாத உணவோ, மருந்தோ, சிலருக்குக் குளிரோ, நோய்த்தொற்றோ இவ்வணுக்களைத் தூண்டினால் ஹிஸ்டமின் வெளிப்படுகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது. தோல் சிவந்து தடிக்கிறது. நரம்பு நுனிகள் தூண்டப்பட்டு அரிப்பெடுக்கிறது.

ஆகவே காணாக்கடி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று. தடிப்புடன் வரும் தோழியை விலக்கி உட்கார வைக்க வேண்டியதில்லை. ஆனால் நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ, நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். எர்லிக் பிழையாகப் பெயரிட்டாலும் சரியாகவே பார்த்தார். அந்தப் பார்வையின் பயனை இன்று நாம் அனுபவிக்கிறோம்.