அறுந்த நரம்பின் வழியைக் கண்டவர்

மணிக்கட்டில் அரிவாளோ உடைந்த கண்ணாடியோ ஆழப் பட்டு வருந்தியவர்களை நம்மில் பலர் கண்டிருப்போம். தோல் கூடிவிடும், தழும்பும் நாளடைவில் மங்கிவிடும், ஆயினும் விரல்கள் மரத்தே கிடக்கும். சுடுநீர் பட்டாலும் தெரியாது. ஊசியைப் பற்றவும் இயலாது. அறுந்த நரம்பு மீண்டும் வளருமா, வளருமாயின் தன் பழைய இடத்தை எவ்வாறு தேடிச் சென்று சேரும் என்னும் வினாக்களுக்கு விடை காண்பதற்காக நெடுங்காலம் உழைத்தவர் ஸ்பெயின் நாட்டு அறிஞர் சந்தியாகோ ராமோன் இ கஹால் ஆவார். அப்பெருமகனாரின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் நலமென்று கருதி இங்கே தருகிறோம்.

கஹால் 1852ஆம் ஆண்டு மே திங்கள் முதல் நாள் பெத்தில்யா தே அரகோன் என்னும் மலைச் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஏழைக் குடியில் தோன்றிச் சவரமும் சிகிச்சையும் ஒருங்கே செய்துவந்த ஒருவரிடம் ஊழியம் புரிந்து, பின்னர் தம் முயற்சியாற் பயின்று மருத்துவரானவர். தம் மகனும் மருத்துவனாக வேண்டும் என்பது அவரது பிடிவாதம். மகனுக்கோ ஓவியத்தின் மீதே காதல். வெள்ளைச் சுவரைக் கண்டால் அவன் கை சும்மா இராது. பதினோரு வயதில் தானே ஒரு பீரங்கி செய்து அண்டை வீட்டாரின் வாயிற்கதவைத் தகர்த்தமைக்காகச் சில நாள் சிறையிலும் இருந்தான். பள்ளியில் பிரம்படியும் பட்டினித் தண்டனையும் அவனை மாற்றவில்லை. வெகுண்ட தந்தையார் முதலில் ஒரு நாவிதரிடமும், பின்னர் செருப்புத் தைப்பவர் ஒருவரிடமும் அவனைத் தொழில் பயில விட்டார்.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். தந்தையார் இதனைத் தண்டனையாகவே எண்ணினார். ஆனால் சிறுவன் அத்தொழிலை இழிவென்று கருதவில்லை. தோலை அறுக்கவும், ஊசி கோக்கவும், குதியை அழகுற அமைக்கவும் கற்றுத் தேர்ந்து நல்ல தொழிலாளி என்று பெயரெடுத்தான். பிற்காலத்தில் மயிரிழையினும் மெல்லிய திசுத் துண்டுகளைப் பிசகாமல் சீவிய கை அவ்வாறு பழகிய கையே. தோல் தொழிலை நம் நாட்டில் சாதியோடு பிணைத்து இழிவு கற்பித்தார்கள்; அவ்விழிவு தொழிலில் இல்லை, கற்பித்தவர் நெஞ்சில்தான் இருந்தது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டுவதில்லை.

1868ஆம் ஆண்டுக் கோடையில் தந்தையார் வேறொரு வழி கண்டார். மகனை இடுகாட்டிற்கு அழைத்துச் சென்று, வெளிப்பட்டுக் கிடந்த எலும்புகளைக் காட்டி உடற்கூறு கற்பித்தார். எலும்புகளை வரைவதில் ஓவிய வேட்கையும் மருத்துவக் கல்வியும் ஒன்றாய் இணைந்தன. 1873இல் சரகோசாவில் மருத்துவப் பட்டம் பெற்ற கஹால், படை மருத்துவராகக் கியூபாவிற்குச் சென்று, மலேரியாவால் உடல் நலிந்து 1875இல் திரும்பினார். அங்கு ஈட்டிய சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைக் கொண்டு நுண்ணோக்கி ஒன்று வாங்கினார். காசநோயும் அவரை விடவில்லை. அதிலிருந்து தேறி, 1879இல் சில்வேரியா அம்மையாரை மணந்தார். 1883இல் வாலென்சியாவில் பேராசிரியரானார்.

1887இல் மாட்ரிட் நகரில் சிமார்ரோ என்னும் மருத்துவர், இத்தாலிய அறிஞர் கோல்ஜி கண்டறிந்த வெள்ளிச் சாயமுறையைக் கஹாலுக்குக் காட்டினார். அம்முறையில் ஆயிரக்கணக்கான நரம்பணுக்களுள் ஒருசிலவே கருமை பெற்று, வேரும் கிளையுமாகத் தெளிவாகத் தோன்றும். நரம்புகள் யாவும் மீன்வலை போல இடையறாது பின்னியவை என்பதே அன்றைய அறிஞர் பலரின் கொள்கை. கஹாலோ, ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனியே நிற்பது, ஒன்றையொன்று தொடுமேயன்றி ஒன்றாய்க் கலவாது என்று 1888இல் நிறுவினார். அதனை வெளியிட இதழ் இன்மையால் தாமே ஓர் இதழ் தொடங்கினார். அச்சிட்டவை அறுபது படிகளே! வளர்ந்துவரும் குடும்பத்தின் செலவைச் சுருக்கி அதற்குப் பொருள் கண்டவர் சில்வேரியா அம்மையார். சதுரங்க ஆட்டத்தில் மூழ்கிக் கிடந்த கஹால் அதனையும் இக்காலத்தில்தான் கைவிட்டார் என்பர். ஸ்பானிய மொழியில் எழுதியதை எவரும் படிக்காமற் போகவே, 1889இல் தம் செலவிலேயே பெர்லின் மாநாட்டிற்குச் சென்று, தட்டுத்தடுமாறிய பிரெஞ்சு மொழியில் பேசி, தாம் கொணர்ந்த கண்ணாடித் தகடுகளைக் காட்டினார். முதுபெரும் அறிஞர் கோலிக்கர் அவற்றைக் கண்டு வியந்து அவரை உலகிற்கு அறிமுகம் செய்தார். 1906இல் நோபல் பரிசு கஹாலுக்கும் கோல்ஜிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கோல்ஜியோ அம்மேடையிலேயே வலைக் கொள்கையை வலியுறுத்திப் பேசினார்.

நாம் சொல்ல வந்த செய்தி இனித்தான் வருகிறது. கோழிக் கருவின் தண்டுவடத்தை ஆராய்கையில், வளரும் நரம்பிழையின் நுனியில் சிறு கூம்பு போன்ற புடைப்பு இருத்தலை 1890இல் கஹால் கண்டார். கண்ணில்லாதவர் கையால் தடவி வழி தேடுவது போல அக்கூம்பு முன்னேறுகிறது. அதனை ஈர்ப்பது யாது? இலக்காகிய இடத்திலிருந்து ஏதோ ஒரு பொருள் சுரந்து அதனை அழைக்கிறது என்று 1892இல் அவர் கருதினார். அப்பொருளை அவர் கண்டவரல்லர். அதன் விளைவைக் கண்டு ஊகித்தார்.

பின்னர் விலங்குகளின் நரம்புகளை அறுத்து அவர் ஆராய்ந்தார். அறுபட்டபின் உடலின் தொலைப்பக்கத்துத் துண்டிலுள்ள இழைகள் சிதைந்து போகின்றன. அத்துண்டு தானே புத்திழைகளைத் தோற்றுவிக்கும் என்று அந்நாளில் சிலர் வாதிட்டனர். இல்லை, தண்டுவடத்தோடு தொடர்புள்ள துண்டிலிருந்தே தளிர்கள் புறப்படுகின்றன என்று கஹால் மெய்ப்பித்தார். அப்படியாயின் செத்த துண்டு பயனற்றதோ? அன்று. அதில் எஞ்சும் ஷ்வான் அணுக்களே தளிர்களை ஈர்த்து வழிகாட்டுகின்றன என்றார். வழி தவறிய தளிர்கள் சுருண்டு முடிச்சாகி நோவு தரும். இவ்வாராய்ச்சிகள் 1913, 1914ஆம் ஆண்டுகளில் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. அதற்கான நிதியை அர்ஜென்டீனாவில் வாழ்ந்த ஸ்பானிய மருத்துவர்கள் திரட்டி அளித்தனர். 1934 அக்டோபர் 17ஆம் நாள் மாட்ரிட் நகரில் கஹால் மறைந்தார்.

அவர் ஊகித்த வகையான பொருள் கைக்கு அகப்பட மேலும் பல ஆண்டுகள் ஆயின. யூதக் குடியிற் பிறந்தமையால் 1938இன் இனச் சட்டங்களின் கீழ் ஆய்வுப் பணியிலிருந்து விலக்கப்பட்ட இத்தாலியப் பெண்மணி ரீட்டா லேவி மொந்தால்சினி, படுக்கையறையிலேயே கோழி முட்டைகளை வைத்து ஆய்வு நடத்தினார். பின்னர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், 1950களில், ஸ்டான்லி கோஹனுடன் சேர்ந்து நரம்பு வளர்ச்சிக் காரணி என்னும் புரதத்தைக் கண்டறிந்தார். இருவர்க்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. அறுபட்ட நரம்பின் ஷ்வான் அணுக்கள் இதனையும் இதன் இனத்தைச் சார்ந்த வேறு காரணிகளையும் சுரக்கின்றன என்பது இன்று தெளிவு.

அங்ஙனமாயின் அக்காரணியை மருந்தாகச் செலுத்தி, மரத்த கையை எளிதில் உயிர்ப்பிக்கலாமே என்று இளைஞர் கேட்கலாம். காரியம் அவ்வளவு எளிதன்று. நீரிழிவால் நலிந்த நரம்புகளுக்கு இதனை ஊசி வழியே ஏற்றிப் பார்த்தார்கள். 1990களின் இறுதியில் நடந்த பெருஞ்சோதனையில் பயன் தெரியவில்லை, ஊசியிட்ட இடத்தில் வலிதான் மிகுந்தது. எலிகளின் நரம்பில் ஓரிடத்தில் காரணி அளவுக்கு மிஞ்சினால், இழைகள் அவ்விடத்தை விட்டு அகல மனமின்றி அங்கேயே சிக்கிக் கொள்கின்றன. பந்தியில் பாயசம் வைத்த இடத்தைவிட்டு எழாத பிள்ளைகளைப் போல என்று சொல்லலாம்! ஆகவே காரணியைச் சிறு குழாயில் அடக்கி, சிறிது சிறிதாகக் கசியவிடும் முறைகளை ஆராய்கிறார்கள். கண்ணின் கருவிழி நரம்பு கெட்டு உண்டாகும் புண்ணிற்கு மட்டும் இக்காரணியாலான சொட்டு மருந்து ஐரோப்பாவில் 2017இலும் அமெரிக்காவில் 2018இலும் ஒப்புதல் பெற்றது.

அறுந்த கை நரம்பிற்கோ, தையலும் நரம்பு ஒட்டும் இன்றி மருந்து ஒன்றே போதும் என்னும் நிலை வரவில்லை. வளரும் இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே செல்லும். முழங்கையருகே அறுந்தால் விரலைச் சேர ஓராண்டுக்கு மேலும் ஆகும். அதற்குள் ஷ்வான் அணுக்களின் அழைப்பு ஓய்ந்து வரும், தசையும் மெலியும். எனவே, வெட்டுப்பட்ட கையின் விரல் மரத்திருந்தால், தோலைத் தைத்துவிட்டார்கள் என்று வாளா இராமல், நரம்பைத் தைக்கவல்ல மருத்துவரை விரைந்து காண்பித்தல் வேண்டும். ஒவ்வொரு திங்கள் தாமதத்தாலும் அவ்விரல் மீளும் வாய்ப்புக் குறைகிறது.