ஆசிரியர்களை உருவாக்கிய ஆசிரியர்

பாண்டுப்பின் குறுகிய தெருக்களிலும் தாராவியின் சந்துகளிலும் மாலை வேளையில் சிறுவர் பந்தாடுவது நாள்தோறும் காணும் காட்சியாகும். பள்ளியிலும் விளையாட்டுக்கெனத் தனி வகுப்பு உண்டு. அதற்கென ஓர் ஆசிரியரும் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. இம்மாற்றத்திற்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர் ஹாரி குரோ பக்.

பக் 1884ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்வி பயின்றார். 1891ஆம் ஆண்டு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் கூடைப்பந்து விளையாட்டை உருவாக்கிய இடமும் அதுவே. அங்குக் கற்ற பக், 1919ஆம் ஆண்டு கடல் கடந்து சென்னைக்கு வந்தார். மொழியும் உணவும் வெயிலும் புதியனவாக இருந்த அந்நகரமே அவரது பணிக்களம் ஆயிற்று.

அக்காலப் பள்ளிகளில் ஓய்வுபெற்ற படைவீரர்களே பெரும்பாலும் உடற்பயிற்சி அளித்தனர். வரிசையில் நிற்பதும் கட்டளைக்கு ஏற்பக் கைகால்களை அசைப்பதுமே பயிற்சி எனப்பட்டது. விளையாட்டைப் படிப்பிற்கு இடையூறாகக் கருதியோரும் பலர். திறன்மிக்க வீரர் சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்திருந்தால் பக் விரைவில் புகழ் பெற்றிருக்கலாம். ஆனால் அவர் தேர்ந்த வழி வேறு. ஒரு வீரரை உருவாக்கினால் ஒருவர் உயர்வார். ஓர் ஆசிரியரை உருவாக்கினால் ஆண்டுதோறும் ஒரு பள்ளியே பயன்பெறும் என்பது அவர் கொண்ட கருத்து. அதன் பயனாக 1920ஆம் ஆண்டு சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி தோன்றியது.

அக்கல்லூரியில் மாணவர்கள் விளையாடக் கற்றதோடு, விளையாட்டைக் கற்பிக்கவும் கற்றனர். உடலின் அமைப்பு, விளையாட்டு விதிகள், வகுப்பை நடத்தும் முறை ஆகியன பாடங்களாயின. மேலைநாட்டு விளையாட்டுகளோடு இந்திய மண்ணில் வழங்கிய விளையாட்டுகளுக்கும் பக் இடமளித்தார். பல விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்து நூலாகவும் வெளியிட்டார்.

1924ஆம் ஆண்டு பாரிசில் ஒலிம்பிக் போட்டி நடைபெற்றது. இந்தியத் தடகள அணியின் மேலாளராகப் பக் உடன் சென்றார். சென்னை மாகாணத்தைச் சேர்ந்த சி. கே. லட்சுமணன் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் பங்கேற்றார். அணியினர் பதக்கம் எதுவும் பெறவில்லை. அதனால் பக் சோர்ந்துவிடவில்லை. வீரர்களைப் பயிற்றுவிக்க நாடெங்கும் அமைப்புகள் வேண்டும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். எனவே நோரென் என்பவருடன் மாகாணங்கள் பலவற்றுக்கும் பயணம் செய்து, ஒலிம்பிக் சங்கங்கள் தோன்ற உதவினார். 1927ஆம் ஆண்டு இந்திய ஒலிம்பிக் சங்கம் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவராகப் பம்பாய்த் தொழிலதிபர் தோராப்ஜி டாட்டாவும் செயலாளராக நோரெனும் பொறுப்பேற்றனர்.

பக் தம் கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் பணியாற்றி 1943ஆம் ஆண்டு மறைந்தார். அவர் தோற்றுவித்த கல்லூரி இன்றும் சென்னை நந்தனத்தில் இயங்கி வருகிறது. பிறந்த ஊரை விட்டுத் தொலைதூரம் வந்தவர், வந்த ஊரின் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகக் கருதி உழைத்தார். வென்ற வீரரின் பெயரை உலகம் அறியும். அவருக்கு முதன்முதலில் ஓடக் கற்பித்த பள்ளி ஆசிரியரின் பெயரை அறிவோர் சிலரே. அத்தகைய ஆசிரியர்களை உருவாக்குவதிலேயே பக் தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

அருஞ்சொற்பொருள்
இடையூறு – தடை
மாகாணம் – ஆங்கிலேயர் ஆட்சிக்காலப் பெரும் நிலப்பிரிவு
சோர்தல் – ஊக்கம் குன்றுதல்

பயிற்சி
1. பக் சென்னைக்கு வந்த காலத்தில் பள்ளிகளில் உடற்பயிற்சி எவ்வாறு அளிக்கப்பட்டது?
2. வீரர்களைவிட ஆசிரியர்களை உருவாக்கப் பக் விரும்பியது ஏன்?
3. பாரிசிலிருந்து திரும்பிய பின் பக் ஆற்றிய பணி யாது?
4. தமிழ்நாட்டில் சடுகுடு எனவும் மராட்டியத்தில் ஹுதுது எனவும் வழங்கும் விளையாட்டின் விதிகளை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.