சர் சி. வி. இராமன்

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் நாள் சி. வி. இராமன் பிறந்தார். தந்தையாரின் கல்லூரிப் பணியின் பொருட்டுக் குடும்பம் விசாகப்பட்டினத்திற்குக் குடிபெயர்ந்தது. இராமன் அங்கேயே பள்ளிக் கல்வியை முடித்தார்.

பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியலை விரும்பிக் கற்றார். 1904இல் இளங்கலைத் தேர்வில் முதலிடம் பெற்றார். அக்காலத்தில் அறிவியல் கற்றோர்க்கு நம் நாட்டில் ஆய்வுப் பணிகள் அரியனவாக இருந்தன. ஆகவே, 1907இல் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா சென்றார். எனினும், தாம் விரும்பிய பாடத்தை அவர் கைவிடவில்லை. அலுவலுக்கு முன்னும் பின்னும் அந்நகரின் அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்தார். 1917இல் உயர்ந்த ஊதியத்தைத் துறந்து, குறைந்த ஊதியத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1921இல் கப்பலில் சென்றபோது, மத்தியதரைக் கடலின் நீலநிறம் அவரைச் சிந்திக்கச் செய்தது. வானத்தின் நிறமே கடலில் தெரிகிறது என்னும் விளக்கம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என விளக்கினார். தொடர்ந்து ஆராய்ந்து, சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறுவதை 1928 பிப்ரவரி 28 அன்று கண்டறிந்தார். ‘இராமன் விளைவு’ எனப்படும் இக்கண்டுபிடிப்பிற்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது.

1933இல் பெங்களூரு வந்து, இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். 1948இல் இந்நகரிலேயே தம் பெயரால் ஓர் ஆய்வு நிறுவனத்தை அமைத்தார். 1970 நவம்பர் 21 அன்று இங்கேயே மறைந்தார். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அறிவியல் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள், அது எவ்வேலையைத் தரும் என்பதோடு, தம் மனத்தில் எவ்வினாவை எழுப்புகிறது என்பதையும் எண்ணுதல் வேண்டும்.